குமிழை மாற்றாமல் கரவன் நகராது

என் ஆசை மச்சாள் சுபாவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். உன் கரவன் பத்திரமாக பாபகூரா வீட்டு டிரைவ்வேயில் நிற்கிறது. சில்லுகளில் கடல் மணல் ஒட்டியிருக்கிறது. கழுவ வேண்டாம் என்று அண்ணா சொல்லிவிட்டார். ஆனால் நாங்கள் சிரித்துக்கொண்டு புறப்பட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பினோம் என்று நினைத்துவிடாதே. இந்தப் பயணத்துக்காக நான் உன் வீட்டு வாசலில் நின்று உன் புருஷனோடு சண்டை பிடித்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. வேறு யாராவது திரித்துச் சொல்வதற்கு முன் நானே உனக்கு எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

வாசிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாமல் இருக்கலாம். நீயும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு நீ என் அண்ணாவைக் கட்டி எனக்கு மச்சாளானாய். நான் யாரையும் கட்டவில்லை. ஏன் என்று ஒருநாளும் கேட்காத ஒரே ஆள் நீதான். மனுகாவில் நீ பரிசோதனைக்காக மற்றவர்களின் கையில் ஊசி ஏற்றி இரத்தம் எடுத்தாய். நான் அங்கேயே ஒரு டேகெயாரில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். வேலை முடிந்து ரயிலில் சேர்ந்து வரும்போதுதான் கரவன் வாங்கும் கதை தொடங்கியது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அது வந்த நாள்? இங்கிலாந்தில் செய்த பழைய கரவன், வாகனத்துக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன வீடு. ஒற்றை அச்சு, வெள்ளை உடம்பு, இடுப்பில் ஒரு மஞ்சள் கோடு. விற்றவரே இழுத்துவந்து விட்டுவிட்டுப் போனார். இழுக்க நம்மிடம் வாகனம் இல்லை. அண்ணாவின் ஹைபிரிட் காரால் இதன் வெறும் உடம்பைக்கூட இழுக்க முடியாது. அதெல்லாம் உனக்குப் பெரிய விஷயமில்லை. உள்ளே ஏறி, திரைச்சீலையை விலக்கி, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தாய். "கிளீவ்டன் தாண்டி, கவாகவா குடாவும் தாண்டி, கடலுக்குப் பக்கத்தில கொண்டுபோய் நிப்பாட்டுவம். காலமை எழும்பிக் கதவைத் திறந்தா தண்ணி" என்றாய். எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன். "அதெல்லாம் பாப்பம். ஒண்டும் நடக்காது" என்றாய். எதற்கும் உன்னிடம் இருந்த பதில் அதுதானே.

அந்த மாதம் முழுக்க உனக்குத் தலையிடி. ஒருக்கா பிரஷர் பார் என்று நான் சொன்னேன். ஊரார் இரத்தத்தையெல்லாம் எடுத்து அனுப்பியவள் நீ. "ஒண்டும் நடக்காதடி, வேலைக் களைப்பு" என்றாய். பிறகு ஒரு மத்தியானம் வேலைக்கிடையில் கதிரையில் சரிந்தாய். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது நீ கதைக்கும் நிலையில் இல்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். அதற்குப் பிறகு உன்னுடைய அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்குக் காது கொதிக்கிறது, சுபா. "ஒண்டும் நடக்காது" என்பதை நான் இனி யாரிடமும் ஏற்பதாக இல்லை. உன்னிடமும் இல்லை.

கரவன் ஒரு வருஷம் டிரைவ்வேயிலேயே நின்றது. ஜன்னல் ஓரங்களில் பூஞ்சணம் பிடித்தது. வித்துத் தொலை என்று எல்லோரும் அண்ணாவிடம் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று நின்றார். அதில் நான் அவர் பக்கம். உன் முதலாண்டு ஆட்டத் திவசம் முடிந்த மறுநாளே அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது என்று அவர் தனியாக முடிவெடுத்துவிட்டார். சொந்தக்காரர் எல்லோரும் கார்களில் பின்னால் வருவது. கட்டுச்சோறு கட்டுவது. யார் இழுப்பது, எதில் கொழுவுவது என்பதையெல்லாம் அவருடைய நண்பர் சேகர் பார்த்துக்கொள்வார்.

சேகரை உனக்குத் தெரியும். திருச்சிக்காரர். போட் வைத்திருக்கிறார், அதை இழுக்க யூட் என்கிற பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். அன்று காலை யூட்டைக் கொண்டுவந்து கரவனுக்கு முன்னால் நிறுத்தி, கொழுவி, லீவரை அமத்தி, கையைத் தட்டிக்கொண்டு "ரெடி அண்ணே" என்றார். எல்லோரும் கார்களில் ஏறத் தொடங்கினார்கள். நான் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். யூட்டின் பின்னால் ஒரு இரும்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கரவனின் மூக்கில் ஒரு இரும்புக் கிண்ணம் இருக்கும். கிண்ணம் குமிழின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் குமிழ் இரண்டு அளவில் கிடைக்கிறது. ஒன்று பழைய அங்குலக் கணக்கு, கொஞ்சம் சின்னது. மற்றது ஐம்பது மில்லிமீட்டர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். நம் கரவனின் கிண்ணம் ஐம்பது என்பது எனக்குத் தெரியும். அதன் நெற்றியில் பொறித்திருப்பதை உன் இழவு வீட்டு நாட்களில் வெளியே நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சேகர் கொழுவுவதற்கு முன் குமிழின் தலையில் பொறித்திருந்ததையும் கவனித்திருந்தேன். அது சின்னது. போட்டுக்குச் சரி. கரவனுக்குச் சரியில்லை.

யூட் வேறு உயரம். கரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு, குண்டி தரையைப் பார்க்க நின்றது. கழன்றால் பிடித்து வைக்கிற சங்கிலியும் போடவில்லை.

"அண்ணா, இது போகேலாது" என்றேன்.

"என்ன போகேலாது?"

"குமிழ் சின்னன். கரவன்ர கிண்ணம் பெரிசு. மேட்டில ஏறி விழுந்தா கழண்டிடும்."

சேகர் சிரித்தார். "சிஸ்டர், இதே யூட்ல நான் வருஷக்கணக்கா போட் இழுக்கறேன். பாருங்க, லாக் ஆயிடுச்சு. ஆமா, நீங்க பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது."

அந்தச் சொல். திருச்சித் தமிழில் வந்தாலும் அதே சொல்.

நான் நடந்துபோய் யூட்டுக்கு முன்னால், டிரைவ்வே ரோட்டைத் தொடும் இடத்தில் நின்றேன். டேகெயாரில் ஒரு பிள்ளை கேட்டைத் திறந்துகொண்டு ஓடினால் ஒரு குரல் வரும் எனக்கு. அந்தக் குரல் வந்தது. "எஞ்சினை நிப்பாட்டுங்கோ!"

எல்லோரும் இறங்கினார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் புத்தி சொன்னார்கள். நல்ல நேரம் போகிறது என்றார் ஒருவர். பொம்பிளைக்கு இதெல்லாம் என்ன விளங்கும் என்றார் இன்னொருவர். "சுபா இருந்தா இப்பிடி மறிக்க மாட்டாள். முதல் ஆளா ஏறி இருந்திருப்பாள்" என்றும் ஒரு குரல் வந்தது. அது உண்மைதான், மச்சாள். நீ இருந்திருந்தால் அந்தச் சின்னக் குமிழோடு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பாடிக்கொண்டு போயிருப்பாய். அப்போதும் நான் மறித்திருப்பேன். உன்னோடும் சண்டை பிடித்திருப்பேன்.

அண்ணா எனக்கு நேரே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "அவள் ஆசைப்பட்டது இது ஒண்டுதான். அவளைப் போக விடமாட்டன் எண்டு நிக்கிறாய், என்ன?"

"ஓம், நிக்கிறன். அவளைக் குடுத்தாச்சு. உங்களைக் குடுக்க மாட்டன். பின்னால வாற காரில பிள்ளையள் இருக்கு, அதுகளையும் குடுக்க மாட்டன். எனக்கு மேல ஏத்திக்கொண்டு போறதெண்டாப் போங்கோ."

அவர் என் மேல் ஏற்றவில்லை. விலகவும் இல்லை. அப்போது உன் மகள் துளசிதான் "மாமி, கேன் யூ ப்ரூவ் இட்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உன்னுடைய அதே கண்.

கரவனின் மூக்கடியில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறதே, கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்குமே, அதைத் தரைக்கு இறக்கினேன். பிறகும் சுற்றினேன். கிண்ணம் குமிழைச் சரியாகப் பிடித்திருந்தால் கரவனின் மூக்கோடு சேர்ந்து யூட்டின் பின்புறமும் மேலே எழும்ப வேண்டும். சுற்றச் சுற்ற யூட் கொஞ்சம் எழும்பியது. சேகர் "பாத்தீங்களா" என்று சொல்ல வாயெடுத்தார். டங் என்று ஒரு சத்தம். யூட் தன்பாட்டில் இறங்கி ஆடியது. கரவனின் கிண்ணம் ஆகாயத்தில் தனியே நின்றது. லீவர் பூட்டியபடியே இருந்தது. லாக் ஆகியிருந்தது, சுபா. ஆனாலும் கழன்றுவிட்டது.

சேகர் குனிந்து குமிழைத் தடவிப் பார்த்தார். "ஐயோ சிஸ்டர், பின்னாடி ரெண்டு கார்ல பசங்கதானே வர்றதா இருந்தாங்க" என்றார். முகம் வெளுத்துப்போயிற்று. அண்ணா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டுச்சோற்றை நாங்கள் டிரைவ்வேயில் உட்கார்ந்து தின்றோம். ருசியாகத்தான் இருந்தது.

அன்றோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? அந்தக் கிழமை முழுக்க போன். செத்தவளின்ர ஆசையைக் கெடுத்துப்போட்டாய் என்று ஒருத்தி. நாலு பேருக்கு முன்னால் தமையனை அவமானப்படுத்தினாய் என்று இன்னொருத்தி. நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். கிண்ணம் கழன்றதை நீங்களும் பார்த்தீர்கள், பார்க்காதவர்கள் பார்த்தவர்களைக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சனிக்கிழமை துளசியைக் கூட்டிக்கொண்டு மனுகாவில் டோபார் என்கிற இழுவைச் சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். விற்கிற பையன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கணவர் வருகிறாரா என்று கேட்டான். இல்லை, அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை என்று துளசி இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அவன் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி வைத்த, பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஒரு பெரிய கொழுவியைத் தூக்கி வைத்தான். இதுதான் எல்லாவற்றிலும் பலம், இதுதான் பாதுகாப்பு என்றான்.

சின்னதை வேண்டாம் என்று சொன்னவள் பெரியதைக் கண்டதும் தலையாட்டிவிடுவேன் என்று நினைத்தான் போல. எங்களுடைய கரவனின் மூக்குச் சட்டம் மெல்லியது, இந்தக் கம்பிகளின் முறுக்கு அதற்கு ஆகாது, செய்த கம்பனியே பூட்டாதே என்று எழுதியிருக்கிறது என்றேன். அவன் கொம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, மெதுவாக அதை எடுத்துக் கீழே வைத்தான். எனக்கு வேண்டியதை நான் சொன்னேன். ஐம்பது மில்லிமீட்டர் குமிழ். அந்தக் குமிழைத் தாங்க, கரவன் நிலத்துக்கு மட்டமாக நிற்கும்படி கீழே இறங்கிய ஒரு இரும்பு நாக்கு. இரண்டும் கரவனின் முழுப் பாரத்துக்கும் மேலாகத் தாங்கும் என்று அதிலேயே அடித்திருக்க வேண்டும். குறுக்காகப் போட இரண்டு சங்கிலி. அதற்குப் பிறகு அவன் கணவரைத் தேடவில்லை.

சேகர் தன் கையாலேயே அவற்றைத் தன் யூட்டில் பூட்டினார். அதற்கு முன்பே, பள்ளி விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்த ஒரு கார் பார்க்கில் தன் போட்டை மாட்டிவிட்டு என்னைக் கொண்டு யூட்டை ஓடவைத்தார். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை வலம் திருப்பினால் வண்டி இடம் போகிறது. மஞ்சள் கூம்புகளை நசுக்கினேன். "சிஸ்டர், அது கூம்பு, பரவாயில்ல" என்பார். அடுத்ததையும் நசுக்குவேன்.

கடைசியாக இருந்தது பாரம். அண்ணா முதல் தரம் எல்லாவற்றையும் கரவனின் பின் கோடியில் அடுக்கியிருந்தார்: தண்ணீர்க் கான்கள், காஸ் அடுப்பு, மடக்குக் கதிரைகள். பின்னால் பாரம் கூடினால் மூக்கு லேசாகும். ஓடும்போது வால் ஆடத் தொடங்கும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவாவது மூக்கில் உட்கார வேண்டும் என்று படித்திருந்தேன். துளசி குளியலறையில் இருந்து உன்னுடைய எடை மெசினைக் கொண்டுவந்தாள். நீ காலையில் ஏறி நின்று திட்டுவாயே, அது. கரவனின் மூக்கை அதன் மேல் இறக்கினோம். முள் வேண்டியதில் பாதியும் போகவில்லை. நானும் அவளும் முழங்காலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக் கதவு திறந்தது.

அண்ணா வெளியே வந்தார். கரவனுக்குள் ஏறினார். தண்ணீர்க் கான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நடுவுக்குக் கொண்டுவந்து சில்லுகளுக்கு நேரே மேலே வைத்தார். அடுப்பை முன்னால் வைத்தார். "இப்ப பார்" என்றார். முள் வரவேண்டிய இடத்துக்கு வந்தது.

"ஆர் ஓடுறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீயோ?"

"ஓம். நீங்கள் பக்கத்தில இருங்கோ. வழி சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்."

புறப்பட்டோம். இந்தத் தரம் சொந்தக்காரர் ஊர்வலம் இல்லை. சேகரின் யூட்டில் அண்ணா, துளசி, நான். கிளீவ்டன் வரைக்கும் அண்ணா பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு அப்பால் கடலோர ரோட்டில் காற்று பக்கவாட்டில் அடித்தது. வளைவு முடிந்து நேராகிற இடத்தில், எதிரே ஒரு பெரிய ட்ரக் வேகமாகக் கடந்து போயிற்று. அது போன கையோடு கரவன் ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் அசைந்தது. ஸ்டியரிங்கில் தெரிந்தது.

"பிரேக்கைப் பிடி! பிரேக்கைப் பிடி!" என்று அண்ணா கத்தினார்.

"பிடிக்க மாட்டன்!" என்று நானும் கத்தினேன். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் கரவன் யூட்டை முந்தப் பார்க்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரில் இருந்து மட்டும் காலை எடுத்தேன். வேகம் குறைந்தது. அசைவு சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் கோடு மட்டமாக, நேராக எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய குமிழோடு நாங்கள் இங்கே வந்திருந்தால்? துளசி பின் சீட்டில் இருந்து என் தோளை ஒரு தரம் இறுக்கிப் பிடித்து விட்டாள்.

கடலோரத்தில் கரவன்கள் நிறுத்துகிற முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவில். பின்பக்கமாக விட வேண்டும். கதிரை போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ஐயா ஒருவர் எழும்பிவந்து, நான் விட்டுத் தரட்டுமா என்று கேட்டார். நன்றி, வேண்டாம் என்றேன். முதல் தரம் மரத்தை நோக்கிப் போனேன். இரண்டாம் தரம் மற்ற மரம். முழு முகாமும் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். துளசி பின்னால் நின்று இரண்டு கையாலும் காட்டினாள். எத்தனையாவது தரமோ தெரியாது, கரவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கைதட்டினார்கள். நான் இறங்கிக் குனிந்து கும்பிட்டேன்.

பின்னேரம் துளசி தண்ணீரில் கால் நனைக்கப் போய்விட்டாள். அண்ணா கரவனுக்குள் தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒன்று தந்தார். ஜன்னலுக்கு வெளியே வேலி இல்லை. கடல்தான். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவளுக்குத் தலையிடி எண்டு எனக்கும் தெரியும், வதனி. ஒண்டும் நடக்காது எண்டு அவள் சொன்னாள். நானும் ஓம் எண்டுதான் சொன்னனான். நீ அண்டைக்கு முன்னால நிண்டமாதிரி நானும் ஒருக்கா நிண்டிருக்கலாம். வேலைக்குப் போக விடமாட்டன், டொக்டரிட்டை வா எண்டு."

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மச்சாள். வந்தது வேறு.

"நிண்டிருந்தா உங்களுக்கு மேல ஏத்திப்போட்டுப் போயிருப்பாள்."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார், சுபா. ஒரு வருஷத்துக்குப் பிறகு, தேத்தண்ணி கையில் சிந்தச் சிந்தச் சிரித்தார். "ஓம், ஏத்தித்தான் இருப்பாள்" என்றார். "ஏத்திப்போட்டு, பேந்து ஏன் குறுக்க நிண்டனி எண்டு பேசியும் இருப்பாள்" என்றார். பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

இப்போது அண்ணா காலையும் மாலையும் பிரஷர் பார்க்கிறார். நான் மறித்து நிற்பேன் என்ற பயம் போல. சேகரின் யூட்டை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, பாரம் இழுக்கத் தகுதியான ஒரு வாகனம் தேடுகிறேன். அதையும் கணவரைத் தேடுகிற கடையில்தான் வாங்க வேண்டும் போல இருக்கிறது. வாங்குவேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கரவனை விற்க யாரையும் விடமாட்டேன். வருகிற கோடையில் இதை ஃபெரியில் ஏற்றித் தென் தீவுக்குக் கொண்டுபோவேன். துளசி வருவாள். அண்ணா ஒழுங்காக நடந்துகொண்டால் அவரும் வரலாம். ஒவ்வொரு காலையும் நானே குனிந்து குமிழைப் பார்ப்பேன், சங்கிலியைப் பார்ப்பேன், சில்லைச் சுற்றித் தூக்கிப் பார்ப்பேன். எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் அதை முடிக்காமல் எஞ்சினைத் தொடமாட்டேன். பயந்தவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நாங்கள் ரோட்டில் இருப்போம்.

உன்னோடு இன்னும் சண்டை முடியாத,
உன் மச்சாள்
வதனி